இருநூறு வரிக்கு ஒரு பேர்

"நிலக்ஷி!"

"இருக்கேன் ஐயா."

"நேத்து நூத்தி அறுவது வரி. அரைப் பேர். அடுத்தது, வினோஜன்!"

"எரநூத்தி முப்பது ஐயா!"

"முழுப் பேர். கை வீச்சுன்னா இப்பிடி இருக்கணும். பாத்துக் கத்துக்க, நிலக்ஷி."

ஹட்டன் கடைவீதியில், நஸாரின் இரும்புக் கடை மாடியில், ஆறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் குடையை ஊன்றிக்கொண்டு, பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தார் அழகுமுத்து. காய்ச்சலில் சில நாள் படுத்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்த லோஜினிக்கு, வாசலிலேயே மறுபடியும் காய்ச்சல் வரும்போல இருந்தது.

"ஐயா, என்ன இது?"

"வாங்க டீச்சரம்மா. நீங்க இல்லாத நாள்ல புள்ளைங்க போனை நோண்டிக்கிட்டுக் கெடந்துச்சுங்க. அதான் ஒரு ஒழுங்கு வச்சேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு எரநூறு வரி எழுதணும். எழுதினா முழுப் பேர். கொறைஞ்சா அரைப் பேர்."

"அரைப் பேர்னா?"

"பத்து மணிக்குப் பிளேன்டீ மட்டும். பணிஸ் கெடையாது."

அன்றைக்குப் பன் இல்லையென்று ஆன நிலக்ஷி தலையைக் குனிந்துகொண்டாள்.

அழகுமுத்துவைத் திட்டி என்ன பயன்? பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எடுப்பதும், சாயங்காலம் கொழுந்தை நிறுத்து, எடை காணாதவர்களுக்கு அரைநாள் கூலியாக அரைப் பேர் போடுவதும்தான் அவருக்குத் தெரிந்த நிர்வாகம். ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் வேன் வாங்கி ஓட விடுகிற ஊரில், அவர் ஆறு கணினி வாங்கி, மென்பொருள் வேலையைச் செய்து பார்த்தே கற்றுக்கொள்ளும் பயிற்சிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் போர்டில் அவரே யோசித்து எழுதவைத்த வாசகம், 'பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறோம்' என்பது. திறந்த முதல் வாரமே நிலக்ஷியின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "எவன்டா அவன், என் மக கையப் புடிக்கிறவன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாடம் நடத்தும் ஒரே ஆள் லோஜினி. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அவளுடைய அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறாள். மழையில் நனைந்து, அட்டை கடித்து, மலையேறி இறங்கிய பிறகு தராசுக்கு முன்னால் நின்று 'அரைப் பேர்' வாங்கிக்கொண்டு வரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் லோஜினி படித்தாள். என் வேலையை ஒருத்தனும் நிறுக்கக்கூடாது என்றுதான் அவள் பட்டமே வாங்கினாள். இப்போது அந்தத் தராசு மாடிப்படி ஏறி வகுப்புக்குள்ளேயே வந்து நிற்கிறது. சும்மா விடுவாளா?

விடவும் முடியாது. இன்னும் மூன்றே நாளில் கொழும்புக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நுவரெலியாவில் ஒரு விடுதிக்கு அறை பதிவு செய்யும் மென்பொருளைப் பிள்ளைகளிடம் பரீட்சையாகக் கொடுத்திருந்தார்கள். அது பிடித்துவிட்டால் ஆறு பேருக்கும் வேலை, அதுவும் இதே ஹட்டனில் இருந்தபடியே. பிடிக்காவிட்டால் நிலக்ஷிக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் புடவைக் கடை வேலை. வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். தங்குவதற்குக் கடை மாடியில் பாய்கூடத் தயார்.

"ஐயா, இது கொழுந்து இல்ல. வரிய எண்ணக் கூடாது. எண்ணினா புள்ளைங்க ஏமாத்துவாங்க. இங்க பாருங்க" என்று வினோஜனின் திரையைக் காட்டினாள் லோஜினி. ஒரே வரியில் எழுதவேண்டியதை அவன் ஏழு வரியாக உடைத்திருந்தான். நடுவில் வெற்று வரிகள் வேறு.

அழகுமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் சிவந்தது.

"அட படுபாவி! வெறும் வரிய வச்சா பணிஸ் தின்ன?"

"அதத்தான் ஐயா நானும் சொல்றேன்."

"நல்ல நேரத்துல சொன்னீங்க டீச்சரம்மா. மழையில நனைஞ்ச கொழுந்துக்குத் தண்ணிக்குன்னு கழிப்போம்ல, அதே மாதிரி நாளையிலேருந்து வெறும் வரியக் கழிச்சிடுறேன்."

லோஜினி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள். அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

"எரநூறுங்குறது மழை நாளுக்கும் சேத்தா?"

"அம்மா! அவங்க உள்ளுக்கு உக்காந்து வேலை செய்றாங்கம்மா!"

"அப்ப எரநூறு ஒண்ணும் பெரிசில்லையே."

இந்த வீட்டில் கோபப்படுவதற்குக்கூடத் துணைக்கு ஆள் கிடையாது.

மறுநாள் வெற்று வரி ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் அவ்வளவையும் நிரப்பிவிட்டார்கள். மென்பொருள் எழுதும்போது நடுவில் மனிதர்கள் படிப்பதற்கென்று குறிப்பு எழுதலாம். கணினி அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் அழகுமுத்துவின் எண்ணிக்கையில் அதுவும் ஒரு வரி. லோஜினி அந்தக் குறிப்புகளைப் படித்தாள்.

'இந்த வரிக்கு அர்த்தம் இல்லை. ஆனால் பணிஸ் உண்டு.'

'கண்டாக்கையா குடையைத் தூக்கிவிட்டார். எல்லோரும் வேகமாகத் தட்டவும்.'

'நிலக்ஷிக்கு நீலச் சட்டை எடுப்பு.'

'வினோஜன், உன் வேலையைப் பார்.'

கிஷாந்த் என்பவன், கட்டச்சம்பல் இடிக்கும் முறையை உப்பு முதல் தேசிக்காய்ப் புளி வரை இருபது வரிக்கு எழுதியிருந்தான்.

"கிஷாந்த், ஹோட்டல் ரூம் எடுக்க வர்றவனுக்கு எதுக்குடா சம்பல்?"

"பசிக்கும்ல மிஸ்."

லோஜினி நேரே அழகுமுத்துவிடம் போனாள். இந்தத் தடவை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று ஒரு முடிவோடு.

"ஐயா, நல்லாக் கேளுங்க. இந்த வேலையில நெறைய எழுதுறவன் கெட்டிக்காரன் இல்ல. வேண்டாததை வெட்டிச் சின்னதாக்கிறவன்தான் கெட்டிக்காரன்."

அழகுமுத்து அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் ஓர் ஒளி.

"வெட்டுறதா?"

"ஆமா."

"வெட்டினா மறுபடி நல்லாத் துளிர்க்குமா?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தான் ஐயா."

"அடடா, கவ்வாத்து! இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? தேயிலைய முட்டி உயரத்துக்குக் கவ்வாத்து வெட்டாட்டி அது காடாத்தானே போகும்!"

அப்பாடா என்று இருந்தது லோஜினிக்கு. படித்த பெண்தான். ஆனாலும் அந்த 'அப்பாடா' வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டது.

அடுத்த நாள் பெரட்டில் புதுச் சட்டம். யார் அதிகம் வெட்டுகிறார்களோ அவர்களுக்கு ரெண்டு பணிஸ். அன்று லோஜினி விடுதிக்காரரைப் பார்க்க நுவரெலியாவுக்குப் போயிருந்தாள். பஸ்ஸில் போய், பஸ்ஸில் திரும்பி, மாலையில் மாடியேறினால், ஆறு பிள்ளைகளின் வாயிலும் பணிஸ். கணினியில் ஒன்றும் இல்லை.

ஒன்றுமில்லை என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை. விடுதி இருந்தது. அறைகள் இல்லை. கதவு இருந்தது. உள்ளே போனால் வெள்ளைத் திரை.

"அறையெல்லாம் எங்கடி?"

"நான் மாடி அறையத்தான் மிஸ் வெட்டினேன்" என்றாள் நிலக்ஷி. "கீழ் அறைய வினோஜன் வெட்டினான்."

"விருந்தாளி பேர் பதியிற இடம்?"

எல்லோரும் கிஷாந்தைப் பார்த்தார்கள்.

"அது ரொம்பப் பெரிசா இருந்துச்சு மிஸ்" என்றான் அவன், வாயில் பணிஸோடு.

அழகுமுத்து பெருமையோடு வந்து நின்றார். "பாத்தீங்களா டீச்சரம்மா! ஒரே நாள்ல மொத்த மலையும் வெட்டிப்புட்டானுங்க!"

"ஐயா, நாளைக்குக் காலையில கொழும்பு ஆளுங்க வர்றாங்க."

"துளிர்க்க எத்தன நாள் ஆகும்?"

லோஜினி மனசுக்குள் சொன்ன பதிலைக் கதையில் எழுத முடியாது.

நல்லவேளை, முந்தின நாள் பிரதி ஒன்றை அவள் தனியாகச் சேமித்து வைத்திருந்தாள். திருப்பிப் போட்டாள். அறைகள் திரும்பி வந்தன. கூடவே கட்டச்சம்பலும் நீலச் சட்டையும் குடையும் திரும்பி வந்தன. விடிந்ததும் வந்து உட்கார்ந்து அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். இன்னும் ஒரே ஓர் ஆபத்துதான் மிச்சம்.

"ஐயா, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இந்த மாடியில பெரட்டு வேணாம். அவங்க பாத்தா இது என்ன ஆபீஸா தோட்டமான்னு கேப்பாங்க. நிலக்ஷி புடவைக் கடைக்குப் போகணுமா?"

"சேச்சே! அந்தப் புள்ள எதுக்கு அங்க போகணும்? மாடியில பெரட்டே கெடையாது. சத்தியம்!"

சத்தியத்தைக் காப்பாற்றினார். மறுநாள் காலை லோஜினி குறிப்புகளைப் பாதி அழித்திருப்பாள். கீழே தெருவிலிருந்து கேட்டது.

"நிலக்ஷீ!"

"இருக்கேன் ஐயா!"

லோஜினி ஜன்னலுக்கு ஓடினாள். இரும்புக் கடைக்கு முன்னால், நடுத்தெருவில், ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். எதிரே அழகுமுத்து, குடையோடு. நஸார் கல்லாவில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வளைவில் ஒரு வெள்ளை வேன் திரும்பி, வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து தொலைப்பது கொழும்புக்காரர்களின் ஒரு வகை அராஜகம்.

லோஜினி ரெண்டு ரெண்டு படியாக இறங்கினாள். அதற்குள் வேனிலிருந்து முதல் ஆளாக ஓர் இளைஞன், முதுகில் பையோடு இறங்கிவிட்டான்.

"ஏய், பிந்தி வந்தவனே! எங்க போற? வரிசையில நில்லு!" என்றார் அழகுமுத்து.

அந்தக் குரலுக்கு முப்பது வருடம் ஒரு தோட்டமே நின்றிருக்கிறது. இளைஞனும் வரிசையில் போய் நின்றான்.

"பேரென்ன?"

"சு... சுமன்."

"நேத்து எத்தன வரி?"

"நேற்றா? நேற்று மீட்டிங் இருந்தது சேர், அதால ஒண்டும்..."

"ஒண்ணுமே இல்லையா? அரைப் பேர்!"

"ஐயா!" என்று அலறினாள் லோஜினி.

வேனின் முன்கதவு திறந்தது. தலையில் இளநீலச் சால்வை போட்ட, நடு வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கினார். கொழும்புக் கம்பெனியின் ரஸீனா மேடம். வரிசையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் விறைத்து நிற்கும் தன் அலுவலகத்து சுமனைப் பார்த்தார்.

"இது என்ன?"

"உடற்பயிற்சி மேடம்" என்றாள் லோஜினி. "குளிருக்கு."

மேடம் மாடியேறினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மாடியில் முதல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, மென்பொருளைத் திறந்து, ஓர் அறையைப் பதிவு செய்து பார்த்தார். கணினி யோசித்தது. பிறகு திரையில் வந்தது:

'உங்கள் அறை பதிவாகிவிட்டது. முழுப் பேர்!'

லோஜினி வினோஜனைப் பார்த்தாள். வினோஜன் கூரையைப் பார்த்தான்.

மேடம் நிரம்பிப்போன இன்னோர் அறையைக் கேட்டார்.

'மன்னிக்கவும், அறை இல்லை. பிளேன்டீ மட்டும்.'

"வேலை செய்யுது" என்றார் மேடம். அது பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. "உள்ளுக்கு எழுதியிருக்கிறதக் காட்டுங்க."

உள்ளே காட்டவேண்டியதாயிற்று. மேடம் மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தார். லோஜினி அழிக்காமல் விட்ட பாதி, சரியாக அவர் கண்ணில் பட்டது.

"'அவருக்குக் குடைதான் மூளை'. குடை எண்டா என்ன?"

"அது... பாதுகாப்பு ஏற்பாடு மேடம். எல்லாத்தையும் மேல மூடிப் பாதுகாக்கும்."

கிஷாந்துக்கு இருமல் வந்தது.

"சம்பல்?"

"பல விஷயத்தச் சேத்து இடிக்கிற ஒரு முறை மேடம்."

"இந்த முழுப் பேர்?"

லோஜினி அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் அழகுமுத்து முன்னால் வந்துவிட்டார். "அது என்னோட ஏற்பாடும்மா!" பிறகு நிறுத்த முடியவில்லை. இருநூறு வரி, அரைப் பேர், வெறும் வரிக்குக் கழிவு, கவ்வாத்து, ரெண்டு பணிஸ் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல மேடத்தின் முகம் இறுகிக்கொண்டே போனது. சுமன் சுவரோடு சுவராக ஒண்டினான். லோஜினிக்குப் புறக்கோட்டைப் புடவைக் கடையின் விளக்குகூடக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க. தனியாப் பேசணும்" என்றார் மேடம்.

இருவரும் வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் விரலை நீட்டி நீட்டிப் பேசினார். அழகுமுத்து முதலில் கையை ஆட்டினார். பிறகு தலையை ஆட்டினார். பிறகு குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டபடியே நின்றார்.

"ஐயாவுக்கு நல்ல ஏச்சுப் போல மிஸ்" என்றாள் நிலக்ஷி மெதுவாக. "பாவம்."

"கேக்கட்டும். முப்பது வருஷம் அவரு ஏசினாருல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, லோஜினிக்கும் என்னமோ போலத்தான் இருந்தது. நாளைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு யார் பணிஸ் வாங்கிக் கொடுப்பார்?

கதவு திறந்தது. மேடம் நேரே பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மென்பொருள் ஓடுது. குறிப்புகள் மோசம். ஆனா ஓடுது. ஆறு பேரையும் எடுக்கிறோம். இங்கயே இருந்து வேலை செய்யலாம்."

மாடி அதிர்ந்தது. கீழேயிருந்து நஸார், "மேல என்ன, கூரை விழுந்திருச்சா?" என்று கத்தினார். நிலக்ஷி போனை எடுத்து, "அப்பா, அந்தப் பாய அவங்களையே வச்சுக்கச் சொல்லுங்க!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். வினோஜன் அவளுக்குக் கை கொடுக்கப் போனான். அவள் அவன் கையில் தன் பையைக் கொடுத்தாள்.

லோஜினி மேடத்தின் பக்கத்தில் போனாள். கேட்டுவிட வேண்டும்.

"மேடம், அந்தப் பெரட்டு..."

"அத ஐயாவோட பேசி முடிச்சிட்டன். நாளையிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு அது இல்ல."

எத்தனை வருடத்து மூச்சு அது! லோஜினி விட்டாள். அம்மா வாங்கிய அத்தனை அரைப் பேருக்கும் சேர்த்து ஒரு முழுப் பேர் போட்ட மாதிரி இருந்தது.

அழகுமுத்து வராந்தாவிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வென்றவளுக்குக் கொஞ்சம் தாராளம் வரத்தானே செய்யும்? லோஜினி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மனசுல வச்சுக்காதீங்க ஐயா. காலம் மாறிப்போச்சு. படிச்ச ஆளுங்ககிட்ட பெரட்டெல்லாம் எடுபடாது."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எடுபடாதா? நெசமாவா சொல்றீங்க டீச்சரம்மா?"

"எடுபடாது ஐயா. அவங்களுக்குன்னு ஒரு மரியாத இருக்கில்ல."

"ம்..." என்று கவலையோடு தாடையைத் தடவினார். "மெதுவாத்தான் பழக்கணும் போல."

தன்னையே பழக்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து லோஜினிக்கு மனம் இளகிவிட்டது. பணிஸ் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

வழியனுப்பக் கீழே இறங்கினாள். மேடம் முன்சீட்டில் ஏறிவிட்டார். பின்சீட்டில் சுமன், பையை மடியில் கட்டிப் பிடித்தபடி, இழவு வீட்டுக்குப் போகிறவன்போல உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, மொகம் இப்பிடி இருக்கு? காலையில ஐயா பேசினதுக்குக் கோவமா? விடுங்க, அந்தப் பெரட்டுக்கு இன்னிக்கோட முடிவு கட்டியாச்சு. இனிமே நாங்க எல்லாரும் ஒரே கம்பெனிதானே!"

சுமன் முன்சீட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னான்.

"முடிவு உங்களுக்குத்தான் மிஸ். நாளைக்குக் காலையில இருந்து கொழும்புல எங்க எல்லாருக்கும் வீடியோவில பெரட்டு எடுக்கப்போறது உங்கட கண்டாக்கையாதான்!"